பதினொரு வருஷக் கொலு

மகாதேவன் வீட்டில் இரண்டாயிரத்துப் பதினான்காம் வருஷ நவராத்திரிக்கு வைத்த கொலு பதினொரு வருஷம் கலைக்கப்படவில்லை. ஆறாவது வருஷம் அதில் ஒரு மரங்கொத்தி குடிவந்தது. எட்டாவது வருஷத்துக்குப் பிறகு மேலே இருக்கும் தசாவதாரத்தைக் கீழே நின்று பார்க்க முடியாமல் போனது. பார்க்க விரும்புகிறவர்கள் கிளையை விலக்கிக்கொள்ள வேண்டும். நியூ ஜெர்சியின் வெஸ்ட் வின்ட்சரில் இதில் இப்போது யாருக்கும் ஆச்சரியம் இல்லை. பிரின்ஸ்டன் ஜங்ஷனில் ரயிலை விட்டு இறங்குகிறவர்களுக்கு வழி சொல்லும்போது, ஹாலுக்குள் பைன் மரம் தெரிகிற வீட்டைத் தாண்டி மூன்றாவது திருப்பம் என்றுதான் சொல்கிறார்கள்.

இத்தனைக்கும் காரணம் தீ. ஆனால் அந்த வீட்டில் ஒரு நாளும் தீப்பிடித்ததில்லை. மகாதேவனின் மனைவி அபயாம்பாள் மாயவரத்துக்காரி, ஊர் நூலகத்தில் பகுதிநேர வேலை, கறிவேப்பிலைக் காம்பைக்கூடத் தூக்கி எறிய மனசு வராதவள். ஒரே பெண் மானஸா அப்போது ஹைஸ்கூல் கடைசி வருஷம். அந்தச் செப்டம்பரில் பள்ளிக்கூடத்தில் தெற்கே பைன் காட்டுக்குக் கூட்டிப்போனார்கள். ஒரு மணி நேரம் காரில் போனால் வந்துவிடும் காடுதான். அங்கிருந்து மானஸா ஒரு பை நிறையப் பைன் காய்களைப் பொறுக்கிக்கொண்டு வந்தாள். கடைகளில் கிறிஸ்துமஸுக்கு விற்பதுபோல் விரிந்த காய்கள் இல்லை. செதிலோடு செதில் ஒட்டி, கல் மாதிரி இறுகிக் கிடந்தவை. அபயாம்பாள் அவற்றை நிமிர்த்தி வைத்துப் பார்த்தாள். கொலுவில் பார்க் போடும் இடத்தில் கோவிலுக்கு நாலு கோபுரம் வேண்டியிருந்தது. அளவு சரியாக இருந்தது.

பூச்சி இருக்குமோ என்று ஒரு சந்தேகம். பிஸ்கட்டவேயில் இருக்கும் நாகரத்தினம் மாமிக்குப் போன் போட்டாள். நியூ ஜெர்சியில் கொலு விஷயத்தில் மாமி சொல்வதற்கு மேல்முறையீடு கிடையாது. “காட்டுலேர்ந்து வந்ததை அப்படியே படியில வைப்பாளா? ஓவன்ல டூ ஹண்ட்ரட்ல அரை மணி வெச்சு எடுத்துடு அபயம், எல்லாப் பூச்சியும் போயிடும். நாங்கள்லாம் அப்படித்தான் பண்றோம்” என்றாள் மாமி. அபயாம்பாள் அப்படியே செய்தாள். கால் மணியில் வீடெல்லாம் குங்கிலிய வாசனை. அப்புறம் ஓவனுக்குள் கடுகு வெடிக்கிற சத்தம். கதவைத் திறந்தபோது காய்கள் எல்லாம் விரிந்திருந்தன. தட்டில் மெல்லிய சிறகு வைத்த விதைகள் உதிர்ந்து கிடந்தன.

அந்தக் காட்டுப் பைன் மரம் தன் விதைகளைப் பிசின் போட்டுப் பூட்டி வைத்திருக்கும். பத்து வருஷமானாலும் இருபது வருஷமானாலும் திறக்காது. காட்டுத் தீ வந்து, பிசின் உருகி, தரையில் சாம்பலும் தலைக்கு மேல் வெயிலும் கிடைத்த பிறகுதான் விதையை விடும். ஓவனுக்கும் காட்டுத் தீக்கும் உள்ள வித்தியாசம் அதற்குத் தெரியாது. அபயாம்பாளுக்கும் இதெல்லாம் அன்றைக்குத் தெரியாது. விதையைக் குப்பையில் போடுவானேன் என்று, பார்க்குக்காக மண் நிரப்பி வைத்திருந்த தட்டில் கேழ்வரகோடும் கடுகோடும் சேர்த்துத் தூவி, கைப்பிடி தண்ணீர் தெளித்தாள்.

மறுநாள் காலை கொலு கறுத்துப் போயிருந்தது. ஏழு படிகளிலும் விரித்திருந்த வெள்ளை வேட்டி சாம்பலாகிவிட்டது, ஊதினால் பறந்தது. படிப் பலகைகள் கரிக்கட்டையாகியிருந்தன, ஆனால் நின்றன. எண்பத்து மூன்று பொம்மைகளுக்கும் கணுக்கால் வரை கரி. வேறு சேதம் இல்லை. புகை இல்லை, சூடு இல்லை, பக்கத்துச் சோபாவில் ஒரு பொத்தல்கூட இல்லை. கூரையில் இருந்த ஸ்மோக் அலாரம் வாயைத் திறக்கவில்லை. மகாதேவன் மருந்துக் கம்பெனியில் புள்ளிவிவரம் பார்க்கிறவர். ஏணி போட்டு ஏறி, அலாரத்தின் பேட்டரியை மாற்றிவிட்டு ஆபீஸ் போனார். மூன்றாம் நாள் சாம்பலில் பெரணிச் செடி சுருள் சுருளாகத் தலைநீட்டியது. சரஸ்வதி பூஜையன்று, கடையில் வாங்கி, ரம்பத்தால் அறுத்து, ஆணி அடித்த அந்தப் படிப் பலகைகளின் கரியைப் பிளந்துகொண்டு, மூன்று மூன்றாகப் பச்சை ஊசிகள் வெளியே வந்தன.

விஜயதசமியன்று சாயங்காலம் ஆரத்தி எடுத்தபின் ஒரு பொம்மையையாவது படுக்க வைக்க வேண்டும். அப்போதுதான் கொலு முடிந்ததாக அர்த்தம். அபயாம்பாள் வழக்கம்போல, கல்யாணத்தில் சீராக வந்த மரப்பாச்சி ஜோடியைப் படுக்க வைக்கப் போனாள். மரப்பாச்சிகள் அசையவில்லை. குனிந்து பார்த்தால், இரண்டின் காலடியிலிருந்தும் நூல் நூலாக வேர் இறங்கிப் பலகைக்குள் போயிருந்தது. சரி, மரம்தானே, மறந்திருந்த பழக்கத்தை நினைத்துக்கொண்டது என்று மற்றவற்றைத் தொட்டாள். செட்டியார் பொம்மையைப் படுக்க வைத்தாள். சுண்டல் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு திரும்புவதற்குள் செட்டியார் எழுந்து உட்கார்ந்து கடையைப் பார்த்துக்கொண்டிருந்தார். கிருஷ்ணன் எழுந்துவிட்டார். பிளாஸ்டிக் பசுமாடுகூட எழுந்துவிட்டது.

நாகரத்தினம் மாமி நேரில் வந்து பார்த்து, தீர்ப்புச் சொன்னாள். படுக்காத கொலு முடியாத கொலு. முடிகிற வரை தினமும் சாயங்காலம் விளக்கேற்ற வேண்டும், சுண்டல் பண்ண வேண்டும், வாசலுக்கு வந்த எந்தப் பெண்ணையும் தாம்பூலம் இல்லாமல் அனுப்பக் கூடாது, விளக்கு வைக்கும் நேரத்தில் வீட்டுக்காரி வேறு எங்கேயும் இருக்கக் கூடாது. “பாதியில கலைச்சா வீட்டுப் பொண்ணுக்கு ஆகாதுடி அபயம். நான் பயமுறுத்தலை. சொல்றதைச் சொல்லிட்டேன்” என்று தன் பங்குச் சுண்டலை டப்பாவில் வாங்கிக்கொண்டு போனாள். பிரிட்ஜ்வாட்டர் கோவிலில் ஒரு குருக்களிடம் மகாதேவன் கேட்டதில், அப்படியெல்லாம் சாஸ்திரத்தில் பார்த்த ஞாபகம் இல்லை, ஆனால் மாமி சொன்னால் காரணம் இருக்கும் என்றார்.

அபயாம்பாள் நம்பவில்லை. மானஸா ஆஸ்டினில் காலேஜுக்குப் போன அடுத்த வருஷம், ஒரு சனிக்கிழமை பதினோரு மணிக்கு, மகாதேவனிடம் முழங்கால் உயரம் வளர்ந்திருந்த ஒரு கன்றை ரம்பத்தால் அறுக்கச் சொன்னாள். அறுத்தார். பதினொன்றரைக்கு டெக்ஸாஸிலிருந்து போன் வந்தது. மானஸா சைக்கிளிலிருந்து விழுந்து மணிக்கட்டை முறித்துக்கொண்டிருந்தாள். மறுநாள் காலை அறுத்த அடியிலிருந்து ஏழு முளைகள் கிளம்பியிருந்தன. அபயாம்பாள் அப்போதும் நம்பவில்லை. ஆனால் ரம்பத்தைக் கராஜில் வைத்துப் பூட்டி, சாவியை அரிசி டின்னுக்குள் போட்டாள்.

அதன்பின் வருஷங்கள் சுண்டலாகவே போயின. திங்கள் காராமணி, செவ்வாய் மொச்சை, வெள்ளி கொண்டைக்கடலை. நவராத்திரி ஒன்பது நாளும் வந்த பெண்கள் மார்கழியிலும் வந்தார்கள், மார்ச் மாதப் பனியிலும் வந்தார்கள். பிறகு மெல்லக் குறைந்து, வேறு வேலையாக வருகிறவர்கள்தான் மிஞ்சினார்கள். தபால்காரி லோரெட்டாவுக்கு வாரம் ஆறு தாம்பூலம் போயிற்று. அவள் வீட்டில் இருநூறு ரவிக்கைத் துணி சேர்ந்து, கடைசியில் அவற்றைத் தைத்து ஒரு மெத்தை விரிப்பு செய்துகொண்டாள். ஓட்டுக் கேட்டு வந்த பெண், மக்கள்தொகைக் கணக்கெடுக்க வந்த பெண், இணையக் கேபிளைச் சரிபார்க்க வந்த பெண், எல்லோரும் நெற்றியில் குங்குமத்தோடும் கையில் தேங்காயோடும்தான் தெருவில் இறங்கினார்கள்.

காடு தன் முறைப்படி வளர்ந்தது. முதலில் பெரணி. அதன் நிழலில், சாம்பலுக்கு அடியில் யார் வைத்தார்கள் என்று தெரியாத கிழங்கு வேரிலிருந்து ப்ளூபெர்ரிப் புதர். நான்காம் படியில் ராமர் பட்டாபிஷேகத்தை முழுக்க மூடிவிட்டது. அபயாம்பாள் பெர்ரியில் தொக்குப் போட்டு நூலகத்தில் எல்லோருக்கும் கொடுத்தாள். இரண்டாம் வருஷம் குட்டை ஓக். மூன்றாம் வருஷம் பைன் கன்றுகள் இடுப்புக்கு வந்து, இறுக்கமாக மூடிய முதல் காய்களைக் காய்த்தன. பிறகு அவை ஒன்றையொன்று நெருக்கிக்கொண்டு வெளிச்சத்துக்குச் சண்டை போட்டன; தோற்றவை நின்ற இடத்திலேயே காய்ந்தன. காய்ந்ததில் புழு வந்தது, புழுவுக்கு மரங்கொத்தி வந்தது. அது சிம்னி வழியாகப் போய் வந்தது. மகாதேவன் மரங்களின் உயரத்தை மாதாமாதம் அளந்து கம்ப்யூட்டரில் ஏற்றினார். அவரால் செய்ய முடிந்தது அது ஒன்றுதான். அந்த வரைபடம் ஏறிக்கொண்டே போனது.

பைன் காட்டுப் பக்கம் முப்பத்தைந்து வருஷம் தீயணைப்பு வார்டனாக இருந்து ஓய்வு பெற்ற எல்வுட் என்பவரை லோரெட்டா அழைத்து வந்தாள். அவளுக்குச் சித்தப்பா முறை. எல்வுட் பூட்ஸைக் கழற்றிவிட்டு வந்து, பலகையைத் தட்டி, ஊசிகளை எண்ணி, இது நல்ல தீயாக இருந்திருக்கிறது என்றார். இந்த மரத்தை வெட்டினால் அடியிலிருந்து முளைக்கும், எரித்தால் உடம்பிலிருந்து முளைக்கும், சும்மா விட்டால் ஓக் வளர்ந்து நிழல் போட்டு மெல்ல மூடிவிடும் என்று சொன்னார். சும்மா விட்டால் எவ்வளவு காலம் என்று அபயாம்பாள் கேட்டாள். ஐம்பது வருஷம், மண்ணைப் பொறுத்து எழுபது என்றார் எல்வுட். அபயாம்பாளுக்கு அப்போது ஐம்பத்தாறு வயது. அவருக்குக் காபியும் வேர்க்கடலைச் சுண்டலும் கொடுத்தாள்.

விளக்கு வைக்கும் நேரத்துக்குள் போய்த் திரும்பக்கூடிய தூரம்தான் அவளுடைய உலகம் என்றாகிவிட்டது. எடிசன் உண்டு, பிரிட்ஜ்வாட்டர் உண்டு, கோடையில் பொழுது நீளும்போது பிலடெல்ஃபியாகூட உண்டு. ஆஸ்டின் இல்லை. மானஸாவின் பட்டமளிப்புக்கு மகாதேவன் மட்டும் போனார். வீடியோவில் மானஸா, “மா, இட்ஸ் ஜஸ்ட் டால்ஸ். எல்லார் அம்மாவும் வந்திருக்கா” என்று சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். அந்தச் சிரிப்பு அபயாம்பாளுக்குப் பிடிக்கவில்லை. ஊரடங்கு வருஷம் அவளுக்கு நிம்மதியான வருஷம். உலகத்தில் யாரும் எங்கேயும் போகவில்லை, ஏன் வரவில்லை என்று யாரும் கேட்கவில்லை. தாம்பூலத்தைத் தபால் பெட்டி மேல் வைத்துவிட்டுக் கதவுக்குள் நின்று கை கூப்பினாள். மறுவருஷம் மானஸா, கூட வேலை பார்த்த ஷ்ரேயஸைக் கல்யாணம் செய்துகொண்டாள். காலை முகூர்த்தமாகப் பார்த்து, கல்யாணத்தைப் பிரிட்ஜ்வாட்டரில் வைத்தார்கள். நாலு மணிக்கே பெண்ணின் அம்மா காரில் ஏறிவிட்டதை மாப்பிள்ளை வீட்டார் கொஞ்ச நாள் பேசினார்கள்.

இரண்டாயிரத்து இருபத்திரண்டு நவம்பரில் ஒரு வியாழக்கிழமை காலை ஷ்ரேயஸ் கூப்பிட்டான். மானஸாவுக்கு நாலாவது மாதம். கரு கலைந்துவிட்டது, ஆஸ்பத்திரியில் இருக்கிறாள், ரத்தப்போக்கு இருக்கிறது, அம்மா வேண்டும் என்று ஒரு தடவை சொன்னாள் என்றான். ஒரு தடவைதான் சொன்னாள். அபயாம்பாள் அடுப்பை அணைத்துவிட்டு, கட்டியிருந்த புடவையோடு நூவர்க் ஏர்போர்ட்டுக்குக் கிளம்பினாள். “நீங்க விளக்கை ஏத்திடுங்கோன்னா. என்ன ஆனாலும் ஆகட்டும்” என்று சொல்லிவிட்டுப் போனாள். எட்டு வருஷத்தில் அவள் அந்த மாதிரிப் பேசியது அன்றுதான்.

அவள் டர்ன்பைக் நெடுஞ்சாலையில் ஏறியபோது உச்சி மரத்தின் ஊசிகள் பழுக்கத் தொடங்கின. செக்யூரிட்டி தாண்டியபோது மூன்று மரங்கள் செம்பழுப்பு. மகாதேவன் போனில் சொல்லிக்கொண்டே இருந்தார். கேட்டில் போய் உட்கார்ந்தபோது ஷ்ரேயஸின் போன் வந்தது. முக்கால் மணியாக ரத்தம் அதிகமாகிவிட்டது, நிற்க மாட்டேன் என்கிறது, உள்ளே கொண்டுபோய்விட்டார்கள் என்றான். முக்கால் மணிக்கு முன்னால் அவள் செக்யூரிட்டி பெல்ட்டில் கைப்பையை வைத்துக்கொண்டிருந்தாள். விமானத்தில் ஏறச் சொல்லி அழைத்தார்கள். அபயாம்பாள் பத்து நிமிஷம் அந்த நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். எதை நம்புவது, எதை நம்பாமல் இருப்பது என்று யோசிக்க அந்தப் பத்து நிமிஷம்தான் இருந்தது. நம்பாமல் ஏறிப்போய், ஒன்று ஆகிவிட்டால்? எழுந்து திரும்பி நடந்தாள். கார் எட்டாம் எக்ஸிட்டில் இறங்கும்போது ஷ்ரேயஸ் கூப்பிட்டு, ரத்தம் நின்றுவிட்டது, கண்ணைத் திறந்துவிட்டாள் என்றான். அபயாம்பாள் காரை ஓரமாக நிறுத்தி, அழுதாள். வீட்டில் மரங்கள் பச்சையாக நின்றன. விளக்கேற்ற இன்னும் இருபது நிமிஷம் இருந்தது.

மறுநாள் மானஸா கேட்டாள். “கேட் வரைக்கும் வந்துட்டு திரும்பிப் போயிட்டியாம்மா?” அபயாம்பாளுக்குப் பதில் இருந்தது, சொல்லக்கூடிய பதிலாக இல்லை. நீ பிழைக்க வேண்டும் என்றுதான் வரவில்லை என்று, படுக்கையில் கிடக்கும் பெண்ணிடம் எப்படிச் சொல்வது? “ஆமாம்” என்று மட்டும் சொன்னாள். மானஸா போனை வைத்தாள். அதன்பின் ஏறக்குறைய மூன்று வருஷம் அவள் பேசவில்லை. பிறந்தநாளுக்கு ஷ்ரேயஸ் பேசினான்.

அந்த மூன்று வருஷத்தில் காடு கூரையைத் தொட்டது. இரண்டு மாடி உயர ஹால் என்பதால் அத்தனை வருஷம் தாங்கியது. கிளைகள் மின்விசிறியைச் சுற்றிக்கொண்டன. தரையில் உதிர்ந்த ஊசிகள் கணுக்கால் ஆழம் கிடந்தன. மகாதேவன் வாரத்துக்கு நாலு மூட்டை அள்ளினார், அது பாட்டுக்கு உதிர்ந்தது. எல்வுட் மறுபடி வந்து, ஒரு ஊசியை விரலில் ஒடித்துப் பார்த்து, காடு அடுத்த தீக்குத் தயாராகிவிட்டது என்று சொன்னார். எச்சரிக்கையாகச் சொல்லவில்லை, பழம் பழுத்துவிட்டது என்பது போலத்தான் சொன்னார். அந்தச் சருகுக்கு நடுவில்தான் அபயாம்பாள் தினமும் குத்துவிளக்கை ஏற்ற வேண்டும். ஏற்றாமல் இருக்கக் கூடாது, ஏற்றிவிட்டு நகரவும் முடியாது. பக்கத்தில் ஒரு வாளித் தண்ணீரை வைத்துக்கொண்டு, திரி அணைகிற வரை முக்காலியில் உட்கார்ந்திருப்பாள். அந்த நேரம் முழுக்க மகள் ஞாபகம்தான். கோபம் வரும், யார் மேல் என்று தெரியாமல் அடங்கும்.

மானஸா மறுபடி உண்டாகியிருப்பதை ஏழாம் மாதத்தில் ஷ்ரேயஸ் வழியாகத்தான் தெரிந்துகொண்டார்கள். வரவா என்று அபயாம்பாள் கேட்கவில்லை, வா என்று அவளும் சொல்லவில்லை. பிரசவத்துக்கு ஷ்ரேயஸின் அம்மா கோயம்புத்தூரிலிருந்து வந்தாள். பத்திய லேகியத்தைக் கிண்டி, மூன்று டப்பாவில் அடைத்து, அபயாம்பாள் தபாலில் அனுப்பினாள். அது போய்ச் சேர்ந்ததாகத் தபால் ஆபீஸிலிருந்து செய்தி வந்தது. அனன்யா பிறந்தாள். படத்தில் குழந்தையின் கை மூடியிருந்தது. அந்தப் படத்தை அபயாம்பாள் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்து, போனில் வெறும் தோல் நிறம் மட்டும் தெரிகிற அளவுக்குப் பெரிதாக்கிவிட்டாள்.

இரண்டாயிரத்து இருபத்தைந்து விஜயதசமி ஒரு வியாழக்கிழமை. சாயங்காலம் ஐந்தரைக்கு வாசல் மணி அடித்தது. லோரெட்டாவாக இருக்கும் என்று அபயாம்பாள் தாம்பூலத் தட்டோடு போய்க் கதவைத் திறந்தாள். மானஸா நின்றாள், ஏழு மாதக் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு. பின்னால் ஷ்ரேயஸ் வாடகைக் காரிலிருந்து பெட்டியை இறக்கிக்கொண்டிருந்தான். நியூ யார்க்கில் ஆபீஸ் வேலை, அப்படியே இந்தப் பக்கம் வந்தோம் என்றான் அவன். நியூ யார்க்கில் வேலை ஒன்றும் இல்லை என்று பிறகு தெரிந்தது. மானஸா அம்மாவைப் பார்க்கவில்லை. உள்ளே போய் நின்று, கூரை வரை நிமிர்ந்து காட்டைப் பார்த்தாள். அவள் விட்டுப் போனபோது அது முழங்கால் உயரம். கல்யாண சமயத்தில்கூட அவள் ஹோட்டலிலேயே தங்கிவிட்டாள்.

என்ன பேசுவதென்று அபயாம்பாளுக்குத் தெரியவில்லை. பதினொரு வருஷப் பழக்கத்தில் வாய் தானாகச் சொன்னது: “தாம்பூலம் எடுத்துக்கோ.” மானஸா ஒரு கையை நீட்டினாள். “ரெண்டு கையாலயும் வாங்கணும்” என்றாள் அபயாம்பாள். சொன்ன பிறகு நாக்கைக் கடித்துக்கொண்டாள். மூன்று வருஷம் கழித்து வந்த பெண்ணிடம் பேசுகிற பேச்சா இது? மானஸா சுற்றிப் பார்த்தாள். சோபா முழுக்கச் சருகு. ஷ்ரேயஸ் இன்னும் வெளியே. கீழ்ப்படியில் பாசி மெத்தென்று படர்ந்திருந்த இடத்தில், செட்டியாருக்குப் பக்கத்தில், அனன்யாவைப் படுக்க வைத்தாள். பிறகு திரும்பி, இரண்டு கைகளையும் நீட்டி, வெற்றிலை, பாக்கு, மஞ்சள், தேங்காய், ரவிக்கைத் துணி எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டாள்.

மேல்படியில் நார் அறுகிற மாதிரி ஒரு சத்தம் கேட்டது. மரப்பாச்சிகள் இரண்டும், முதலில் பெண், பிறகு ஆண், பக்கவாட்டில் சாய்ந்து படுத்தன. அடுத்த படியில் மச்சம், கூர்மம் தொடங்கிக் கல்கி வரை வரிசையாகப் படுத்தார்கள். ராமர் பட்டாபிஷேகம் புதருக்குள் படுத்தது. கண்ணால் பார்க்க முடியவில்லை, இலை அசைந்தது. செட்டியார் கொட்டாவி விட்டதாக மகாதேவன் இன்றைக்கும் சொல்கிறார், அதற்கு வேறு சாட்சி இல்லை. எண்பத்து மூன்றும் படுத்தபின், எண்பத்து நாலாவதாகப் படுத்திருந்த அனன்யா மட்டும் விழித்துக்கொண்டு, தலைக்கு மேல் தொங்கிய ஒரு மூடிய பைன் காயைப் பிடித்து இழுத்தாள். அது கையோடு வந்தது.

மறுநாள் காலை அம்மாவும் பெண்ணும் தரையில் உட்கார்ந்து பொம்மைகளைப் பழைய பேப்பரில் சுற்றிப் பெட்டியில் அடுக்கினார்கள். பாதிப் பெட்டி நிறைந்தபோது மானஸா கேட்டாள்.

“அன்னிக்கு ஏன்மா திரும்பிப் போனே?”

அபயாம்பாள் சொன்னாள். மணிக்கட்டிலிருந்து ஆரம்பித்து, பெல்ட், முக்கால் மணி, எட்டாம் எக்ஸிட் எல்லாம் சொன்னாள். மானஸா ஒரு பசுமாட்டைக் கையில் வைத்துக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தாள்.

“யூ குட் ஹாவ் டோல்ட் மீ.”

“சொல்லியிருந்தா நம்பியிருப்பியா?”

“நோ” என்றாள் மானஸா. பசுமாட்டைப் பேப்பரில் சுற்றிவிட்டு, “ஐ நீடட் யூ தேர், மா. ட்ரூவா இருந்தாலும், இல்லேன்னாலும்” என்றாள். அபயாம்பாள் மகளின் கையைப் பிடித்துக்கொண்டாள். கை உதறப்படவில்லை. பொம்மைகள் எல்லாம் பெட்டிக்குப் போன பிறகும் காடு இருந்த இடத்தில் இருந்தது. அதை யாரும் எதுவும் செய்யவில்லை. விளக்கேற்ற வேண்டிய கட்டாயம் போய்விட்டதால் தீ பயம் மட்டும் குறைந்தது.

ஞாயிற்றுக்கிழமை அபயாம்பாள் அவர்களோடு ஆஸ்டினுக்குக் கிளம்பினாள். மகாதேவன் சருகு அள்ள இருந்துகொண்டார். நூவர்க்கில் அதே கேட் இல்லை, பக்கத்துக் கேட். அந்த நாற்காலியை அவள் திரும்பிப் பார்த்தாள். மகாதேவன் போன் செய்து, எல்லாம் பச்சையாகத்தான் இருக்கிறது என்றார். விமானத்தில் அனன்யா அந்தப் பைன் காயை வழி முழுக்கக் கையை விட்டு விடவில்லை. பிடுங்கினால் வீறிட்டாள், கொடுத்தால் சப்பினாள். சூரியன் ஜன்னலுக்கு வெளியே இறங்கியபோது அபயாம்பாளின் கை தானாகத் தீப்பெட்டியைத் தேடியது. பதினொரு வருஷத்தில் முதன்முறையாக விளக்கு வைக்கும் நேரத்தில் அவளுக்கு வேலை இல்லை. சந்தோஷமாக இருக்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டாள். பெண் வலியில் கிடந்தபோது வராமல், பேத்தி உட்காரப் பழகிய பிறகு வருகிறோம் என்பதுதான் திரும்பத் திரும்ப மனசில் வந்தது.

மூன்றாம் நாள் மத்தியானம் குழந்தையைத் தூங்க வைத்துக்கொண்டே அவளும் கண்ணயர்ந்தாள். குங்கிலிய வாசனையில் விழிப்பு வந்தது. ஒரு நிமிஷம் எந்த ஊர், எந்த வருஷம் என்று தெரியவில்லை. எழுந்து சமையலறைக்குப் போனாள். மானஸா ஓவன் பக்கத்தில் லாப்டாப்பை வைத்துக்கொண்டு நின்றிருந்தாள்.

“எப்பப் பாரு வாயில வெச்சுக்கறா இல்ல, அதான் அந்தப் பைன் கோனை ஸ்டெரிலைஸ் பண்றேன்” என்றாள். “டூ ஹண்ட்ரட், ஜஸ்ட் தர்ட்டி மினிட்ஸ். எல்லா ஜெர்ம்ஸும் போயிடும்.”

ஓவனுக்குள் கடுகு வெடிக்கிற சத்தம் கேட்க ஆரம்பித்தது. அணை என்று சொல்ல அபயாம்பாள் வாயைத் திறந்தாள். திறந்த காயை யாரும் மூட முடியாது என்பது ஞாபகம் வந்து, சொல்லவில்லை. மானஸா அம்மாவின் முகத்தைப் பார்த்தாள், ஓவன் கண்ணாடியைப் பார்த்தாள். தட்டில் சிறகு வைத்த விதைகள் உதிர்ந்துகொண்டிருந்தன. அவள் குனிந்து, ரொம்ப நேரம் அதையே பார்த்தாள்.

“வீட்டுல கொண்டைக்கடலை இருக்கா?” என்று கேட்டாள் அபயாம்பாள்.

மானஸா அலமாரியைத் திறந்து பார்த்தாள். “ரெண்டு பாக்கெட் இருக்கு.”

“ஒரு டம்ளர் ஊறப் போடு. நாளைக்கு வேணும்.”

மானஸா ஒரு பாக்கெட்டை வெட்டி, ஒரு டம்ளர் அளந்து, இரண்டு தடவை கழுவி, தண்ணீர் ஊற்றி மூடி வைத்தாள்.